கிரகணப் பக்கத்தில் எக்ஸ்போஷருக்கும் ஓர் இடம் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கிரகணம் வருகிறது என்றால் நம் நாளிதழ்களில் முதல் நாளே கட்டம் கட்டிச் செய்தி வந்துவிடுகிறது. எத்தனை மணிக்குப் பிடிக்கிறது, எத்தனை மணிக்கு விடுகிறது, எந்தெந்த நட்சத்திரக்காரர்கள் பரிகாரம் செய்ய வேண்டும், கோயில் நடை எப்போது சாத்துவார்கள், எப்போது சாப்பிடலாம். இதைக் குறையாகச் சொல்லவில்லை, எங்கள் வீட்டிலும் பெரியவர்கள் முதலில் அதைத்தான் தேடிப் படிப்பார்கள். ஆனால் இன்றைக்கு மொட்டை மாடிக்குப் போகிறவர்களில் பாதிப் பேர் கையில் ஃபோனோ கேமராவோ வைத்துக்கொண்டுதான் போகிறார்கள். அவர்களுக்கு வேண்டிய ஒரு தகவல் அந்தக் கட்டத்தில் இருப்பதே இல்லை: எந்த நேரத்துக்கு என்ன எக்ஸ்போஷர் வைப்பது, அதாவது கேமராவுக்குள் எவ்வளவு வெளிச்சம் விடுவது. அதைக் கேட்கத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2025 செப்டம்பர் 7, ஞாயிற்றுக்கிழமை இரவு வந்தது போன்ற கிரகணம் நமக்கு அடிக்கடி அமையாது. நிழல் தொட்டதிலிருந்து விட்டது வரை எல்லாமே நம் வானத்தில், நிலா நல்ல உயரத்தில் இருக்கும்போது நடந்தது. 9.57க்குப் பிடித்தது, 11.01க்கு முழுதாக மூடியது, 12.23 வரை 82 நிமிடம் அப்படியே இருந்தது, 1.26க்கு விட்டது. அன்று எங்கள் தெருவில் மாடிக்கு மாடி பிள்ளைகள் நின்றிருந்தார்கள். அவர்கள் எடுத்ததையெல்லாம் வாங்கிப் பார்த்தேன். பத்து மணிப் படங்களில் நிலா வெறும் வெள்ளை வட்டம், கடித்த இடமே தெரியவில்லை. ஒரு பையனின் ஃபோனில், எல்லாவற்றையும் நாமே அமைக்கிற புரோ மோடைத் திறந்து, ஐஎஸ்ஓவை, அதாவது வெளிச்சத்தை உணரும் அளவை, 50க்கு இறக்கி, ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தை 1/1000 விநாடி பக்கம் கொண்டுபோனோம். உடனே திரையில் நிலாவின் சாம்பல் நிறத் திட்டுகள் தெளிந்தன, நிழலின் ஓரம் வளைவாகத் தெரிந்தது. அவனுக்கு ஒரே ஆச்சரியம், இதை யாருமே சொல்லவில்லையே என்றான். நியாயமான கேள்விதானே?

ஆட்டோவில் ஏன் சரியாக வருவதில்லை என்றால், கேமரா தன் சட்டத்துக்குள் இருக்கிற வெளிச்சத்தையெல்லாம் சேர்த்துப் பார்த்துத்தான் கணக்குப் போடும். சட்டத்தில் முக்கால்வாசிக்கு மேல் கறுப்பு வானம். இருட்டாக இருக்கிறதே என்று ஷட்டரை நீட்டிவிடும், நிலா வெளுத்துப் போய்விடும். நிலா என்பது பளீரென்று வெயில் அடிக்கிற பாறை, அதற்குப் பகல் நேர எக்ஸ்போஷர்தான் வேண்டும் என்பது அதற்குத் தெரியாது. அப்புறம் முழு மறைவு வந்ததும் பிரச்சினை தலைகீழாகிவிடும், போதிய வெளிச்சம் கிடைக்காமல் ஃபோகஸும் போய் இரைச்சல் என்கிற புள்ளிப் பிசிறும் ஏறிக் கலங்கலாக ஒரு பொட்டு கிடைக்கும். ஒரு படத்துக்கே இப்படி என்றால் இடைவெளி விட்டு எடுத்த படங்களைக் கோர்த்து டைம்லாப்ஸ் வீடியோ செய்கிறவர் பாடு கேட்கவே வேண்டாம். ஆட்டோ தானாக ஏற்றி இறக்குவதால் வீடியோ முழுக்க நிலா துடித்துக்கொண்டே இருக்கும்.

எவ்வளவு மாற வேண்டும் என்பதைக் கணக்காகவே சொல்கிறேன். பலரிடமும் இருக்கிற சாதாரண ஜூம் லென்ஸை 250 மில்லிமீட்டரில் வைத்து, லென்ஸின் திறப்பான அபர்ச்சரை எஃப் 5.6இல் நிறுத்திவிடுவோம். கிரகணம் தொடாத முழு நிலாவுக்கு ஐஎஸ்ஓ 100இல் 1/800 போதும். முழு மறைவின் நடுவில் அதே லென்ஸுக்கு ஐஎஸ்ஓ 1600 வைத்து ஒரு விநாடி திறக்க வேண்டியிருக்கும். இரண்டுக்கும் இடையில் 13 ஸ்டாப்புக்கு மேல். ஒவ்வொரு ஸ்டாப்பும் வெளிச்சத்தில் இரட்டிப்பு என்பதால் எட்டாயிரம் மடங்கைத் தாண்டிவிடுகிறது.

இந்த எட்டாயிரம் மடங்கும் நேரத்தோடு சீராக ஏறி இறங்கினால் ஒரு சிரமமும் இல்லை. அப்படி ஏறுவதில்லை, அதுதான் விஷயமே. நிலாவின் விட்டத்தில் பாதி மறைகிற வரைக்கும், அதாவது முதல் அரை மணி நேரத்துக்கு மேல், நிழல் தொடும்போது வைக்கிற 1/400இலிருந்து 1/125க்கு வந்தால் போதும், இரண்டு ஸ்டாப்கூட இல்லை. எண்பது சதவீதம் மறையும்போது 1/50. தொண்ணூற்றைந்தில் 1/12. இதெல்லாம் இன்னும் வெயில் படுகிற கீற்றுக்கான கணக்கு. அந்தக் கீற்று மறைந்ததும் மிச்சம் இருக்கிற ஏழெட்டு ஸ்டாப்பும் சில நிமிடங்களில் வந்து விழுகிறது. அந்தச் சில நிமிடங்களுக்காகத்தான் முன்கூட்டியே திட்டம் வேண்டும் என்கிறேன். மற்ற நேரமெல்லாம் நிதானமாக உட்கார்ந்து பார்க்கலாம்.

அந்த நேரத்தில் இன்னொரு முடிவும் எடுத்தாக வேண்டும். கீற்றுக்கு எக்ஸ்போஷர் வைத்தால் நிழலுக்குள் இருக்கிற பகுதி கறுப்பாகிவிடும், நிழலின் சிவப்புக்கு வைத்தால் கீற்று வெளுத்துப் பரவிவிடும். நம் கண் இரண்டையும் ஒருசேரப் பார்க்கிறது, கேமராவால் ஒரே ஷாட்டில் முடியாது. எது வேண்டும், எந்த நிமிடத்தில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறுவது என்பதை வீட்டில் உட்கார்ந்து தாளில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். இருட்டில் நின்றுகொண்டு, தலையை அண்ணாந்து பார்த்தபடி யோசிக்கிற காரியம் இல்லை அது.

சரி, அடுத்த நல்ல வாய்ப்பு எப்போது? 2026 மார்ச் 3 கிரகணத்தில் நம் ஊரில் நிலா எழும்போதே முழு மறைவு முடிந்திருந்தது, 6.47க்கு விட்டுவிட்டது, அந்திக் கருக்கலில் சுமார் அரை மணி நேரம்தான் மிச்சம். 2028 டிசம்பர் 31இல் வருவது அப்படி இல்லை. ஞாயிற்றுக்கிழமை, மார்கழிப் பௌர்ணமி, புத்தாண்டுக்கு முந்தைய இரவு. சுமார் 8.37க்குப் பிடிக்கிறது, 9.46க்கு முழுதாக மூடுகிறது, 10.22 நடு, 10.58 வரை முழு மறைவு, 12.06க்கு விடுகிறது. புத்தாண்டு பிறந்து ஆறாவது நிமிடம்! ஊரே விழித்திருக்கும் இரவு அது. அன்றைக்கு உங்கள் நாளிதழில் இந்தக் கணக்கு வந்தால் எத்தனை பேர் எடுப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள்.

அந்த இரவுக்கு நான் போட்டு வைத்திருக்கிற திட்டம் இது. 8.37க்கு 1/400, 9.10க்கு 1/125, 9.30க்கு 1/50, எல்லாம் ஐஎஸ்ஓ 100. 9.34க்கு 1/40இல் இருந்து ஆரம்பித்து முப்பது விநாடிக்கு ஒரு தடவை டயலை ஒரு கிளிக் திருப்ப வேண்டும். பெரும்பாலான கேமராக்களில் ஒரு கிளிக் என்பது ஸ்டாப்பில் மூன்றில் ஒரு பங்கு. முதல் பதின்மூன்று கிளிக் ஷட்டரில், அது அரை விநாடிக்கு வந்து நிற்கும். அதற்கு மேல் ஷட்டரைத் தொடாமல் அடுத்த பன்னிரண்டு கிளிக் ஐஎஸ்ஓவில், 1600க்கு வந்துவிடும். மொத்தம் 25 கிளிக், பன்னிரண்டரை நிமிடம், முழு மறைவு தொடங்கும்போது கைக்கு வேலை முடிந்திருக்கும். மறைவு ஆழமாக ஆக அரை விநாடியிலிருந்து ஒரு விநாடி வரை மெதுவாக நீட்டலாம். அப்புறம் 10.22ஐ நடுவாக வைத்துத் தாளை மடித்தால் இந்தப் பக்கம் ஏறிய அதே படியில் அந்தப் பக்கம் இறங்க வேண்டும், 10.58க்குத் தொடங்கி 11.10க்குள் மறுபடி 1/40.

ஒவ்வொரு கிளிக்கிலும் வெளிச்சம் சின்னதாக ஒரு குதி குதிக்கும். கேமரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா ஃபைலாக எடுத்திருந்தால் பின்னால் கணினியில் அதைச் சமப்படுத்திவிடலாம், ஜேபெக் என்றால் கஷ்டம். கிளிக் கணக்கெல்லாம் வேண்டாம் என்பவர்கள் இரண்டு ஸ்டாப் இடைவெளியில் எக்ஸ்போஷரை மாற்றி ஐந்தைந்து படமாக எடுத்து, அதாவது பிராக்கெட் செய்து, எது சரியோ அதைப் பிறகு பொறுக்கிக்கொள்ளலாம். அதுவும் நல்ல வழிதான். என்ன, முப்பது விநாடிக்கு ஒரு தடவை என்று வைத்தாலே இரண்டாயிரத்துக்கு மேல் படம் சேரும், படம் 25 எம்பி என்றால் 50 ஜிபிக்கு மேல் கார்டில் இடம் வேண்டும். என் விருப்பம் பத்து விநாடிக்கு ஒரே படம். மூன்றரை மணி நேரத்துக்கு 1250 படம் வரும், நொடிக்கு 25 ஃபிரேம் ஓட்டினால் 50 விநாடி வீடியோ. மூன்று படத்துக்கு ஒரு கிளிக் என்று கையும் பழகிவிடும்.

படத்தின் நிறத்தைச் சரிசெய்கிற ஒயிட் பேலன்ஸை மட்டும் ஆட்டோவில் விட்டுவிடாதீர்கள். பகல் வெளிச்சத்துக்கான அளவில், 5200 கெல்வின் பக்கம், பூட்டி வையுங்கள். முழு மறைவில் நிலா சிவப்பது பூமியின் காற்று மண்டலத்தில் வளைந்து வருகிற ஒளியால். நீலம் வழியிலேயே சிதறிவிடுகிறது. ஆட்டோ அந்தச் சிவப்பைத் தப்பு என்று நினைத்துத் திருத்தப் பார்க்கும். மூடுவதற்குச் சற்று முன்னும் விடத் தொடங்கியவுடனும் நிழலின் ஓரத்தில் இளநீலமாக ஒரு பட்டை தெரிவதுண்டு. மேலே ஓசோன் படலத்தை உரசி வரும் ஒளியில் சிவப்பு உறிஞ்சப்பட்டு நீலம் மிஞ்சுவதால் வருவது அது. கண்ணுக்கு லேசாகத்தான் தெரியும், பூட்டிய ஒயிட் பேலன்ஸில் எடுத்த படத்தில் அழகாக வரும்.

ஃபோகஸ் விஷயமும் அப்படித்தான். எட்டரை மணிக்கு முன்பே, நிலா பிரகாசமாக இருக்கும்போது, காட்சியை நேரடியாகத் திரையில் காட்டும் லைவ் வியூவில் பத்து மடங்கு பெரிதாக்கிப் பார்த்து விளிம்பு கத்தி மாதிரி வந்ததும் மேனுவலுக்கு மாற்றி, லென்ஸ் வளையத்தின் மேல் ஒரு துண்டு டேப் ஒட்டிவிடுங்கள். ஜூம் வளையத்திலும் ஒன்று. நிலா தலைக்கு மேல் ஏற ஏற லென்ஸ் செங்குத்தாக நிற்கும், அதன் எடையிலேயே ஜூம் மெல்ல இறங்கிவிடும், பார்த்துக்கொண்டிருக்கும்போதே நடக்கும். லென்ஸில் ஆட்டம் குறைக்கும் வசதி இருந்தால் டிரைபாடில் அதை அணைத்துவிட வேண்டும். நீண்ட எக்ஸ்போஷருக்கு இரைச்சல் குறைக்கும் வசதியையும் அணைக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒவ்வொரு படத்துக்கும் கேமரா இரட்டிப்பு நேரம் எடுத்துக்கொண்டு நடுவில் ஃபிரேம்கள் விட்டுப்போகும். மார்கழிப் பனியில் லென்ஸ் கண்ணாடி வேர்த்துவிடும் என்பது தனி. பத்து மணி வாக்கில் ஒரு தடவை டார்ச் அடித்துப் பார்ப்பது நல்லது.

டிரைபாடில் வைத்துவிட்டால் நிலா சட்டத்துக்குள்ளேயே நிற்கும் என்று நினைக்கிறவர்கள் உண்டு. வானம் இரண்டு நிமிடத்துக்கு ஒரு நிலா அகலம் நகர்கிறது. 250 மில்லிமீட்டரில், நம்மில் பலர் வைத்திருக்கிற ஏபிஎஸ்-சி (நடுத்தர அளவு சென்சார்) கேமராவில், இருபது நிமிடத்துக்குள் சட்டத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போய்விடும். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை திருப்பி வைத்து, பின்னால் மென்பொருளில் எல்லா நிலாவையும் ஒரே இடத்துக்குக் கொண்டுவரலாம். ஷட்டரை ஒரு விநாடிக்கு மேல் நீட்ட வேண்டாம் என்று சொல்வதும் இந்த நகர்வால்தான். 250 மில்லிமீட்டரில் ஒரு விநாடிக்கு நாலைந்து பிக்சல் இழுத்துவிடும், சாதாரண எச்டி வீடியோவாகச் சுருக்கும்போது அது கண்ணில் படாது. 600 மில்லிமீட்டர் லென்ஸ்காரர்களுக்கு, வானத்தின் நகர்வோடு கேமராவைத் திருப்பும் டிராக்கர் இல்லாமல் ஆகாது.

டிராக்கர் வைத்திருக்கிறவர்களுக்கு ஒரு யோசனை. அதில் நிலா வேகம், நட்சத்திர வேகம் என்று இரண்டு இருக்கும். எல்லோரும் நிலா வேகத்தில் வைத்து நிலாவை நடுவில் நிறுத்துவார்கள். ஒரு தடவை நட்சத்திர வேகத்தில் வைத்துப் பாருங்கள். நட்சத்திரங்கள் அசையாமல் நிற்க, நிலா மணிக்குத் தன் அகலம் அளவுக்குக் கிழக்கே நகர்ந்து பூமியின் நிழலுக்குள் நுழைந்து வெளியே போகும். பகுதி மறைவின் படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் நிழலின் வட்டமே வானத்தில் வரைந்தது போல வந்துவிடும். பூமி உருண்டை என்பதற்கு அரிஸ்டாட்டில் சொன்ன சான்றுகளில் இந்த வளைந்த நிழலும் ஒன்று. பள்ளிப் பிள்ளைகளுக்குக் காட்ட இதைவிட நல்ல படம் எனக்குத் தெரியவில்லை.

டிராக்கரும் இல்லை, பெரிய லென்ஸும் இல்லை என்றால் கேமராவோடு வருகிற கிட் லென்ஸே போதும். 18 மில்லிமீட்டரில் நீளவாக்கில் வைத்தால் 8.37இலிருந்து 12.06 வரையிலான முழுப் பாதையும் ஒரே சட்டத்தில் அடங்கும். சென்னையிலிருந்து பார்த்தால் கிழக்கு வானில் சுமார் 40 டிகிரி உயரத்தில் தொடங்கி, உச்சிக்குச் சற்று வடக்கே 80 டிகிரி வரை ஏறும். நிலா சின்னதாக, நாற்பது பிக்சல் சொச்சம்தான் வரும். ஆனால் பக்கத்தில் யார் இருக்கிறார்கள் பாருங்கள்: இருபது டிகிரி தள்ளி ஓரியன், அதில் நாம் திருவாதிரை என்று சொல்கிற சிவந்த நட்சத்திரம். மார்கழிப் பௌர்ணமியில் சிவந்த நிலாவும் திருவாதிரையும் பக்கத்தில் பக்கத்தில். முழு நிலா வெளிச்சத்தில் மங்கிக் கிடக்கிற நட்சத்திரங்கள் அந்த எழுபது நிமிடம் மேலே வந்துவிடும். அதற்கு ஐஎஸ்ஓ 1600, எஃப் 3.5, எட்டு விநாடி வேண்டும். நிலா அதில் வெளுத்துவிடும் என்பதால் நிலாவுக்கு அரை விநாடிக்குள் தனியாக ஒன்று எடுத்து இரண்டையும் சேர்க்க வேண்டும்.

சேர்ப்பது தப்பில்லை. சேர்த்ததைச் சொல்லாமல் விடுவதுதான் தப்பு. செப்டம்பர் கிரகணம் முடிந்த மறுநாள் வாட்ஸ்அப்பில் எனக்கு ஒரு படம் வந்தது, கோபுரத்துக்குப் பின்னால் அண்டா அளவுக்கு ஒரு செந்நிலா. அன்று நடு மறைவில் நிலா நம் ஊரில் 70 டிகிரி உயரத்தில், ஏறத்தாழ தலைக்கு மேல் நின்றது. கோபுரத்துக்குப் பின்னால் அவ்வளவு பெரிதாக வர வழியே இல்லை, தனித்தனியே எடுத்து ஒட்டியதுதான். அப்படி ஒட்டிய படத்தை அசல் என்று நினைத்துக்கொண்டு மாடிக்குப் போகிற பிள்ளை தன் படத்தைப் பார்த்து ஏமாந்துபோகிறான். ஆகவே நீங்கள் கிரகணப் படம் வெளியிடும்போது அடியில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்: ஒரே ஷாட்டா, பல படங்களின் இணைப்பா, எந்த நேரம், என்ன எக்ஸ்போஷர். வாசகர்களிடம் படம் கேட்கும்போதும் இதையும் கேளுங்கள்.

எவ்வளவு துல்லியமாகத் திட்டம் போட்டாலும் ஒன்றை முன்கூட்டிச் சொல்ல முடியாது, முழு மறைவில் நிலா எவ்வளவு இருட்டாகும் என்பது. பிரெஞ்சு வானியலாளர் டான்ஜோன் 1921இல் இதற்கு 0 முதல் 4 வரை ஓர் அளவுகோல் வகுத்தார். 4 என்றால் பளிச்சென்ற செம்பு நிறம், 0 என்றால் நிலா எங்கே என்று தேட வேண்டும். 1991இல் பிலிப்பைன்ஸின் பினட்டுபோ எரிமலை வெடித்துத் தூசி மேலே போனதில் 1992 டிசம்பர் கிரகணம் மிகவும் கறுத்துவிட்டது. அதனால் என் தாளில் முழு மறைவுக்கு எதிரே ஒரு எண் மட்டும் எழுதுவதில்லை, மேலும் கீழும் இரண்டு ஸ்டாப் விட்டு எழுதி வைத்திருக்கிறேன். 9.50க்கு ஒரு படத்தைத் திறந்து வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராமைப் பார்த்து, சிவப்பு வலது ஓரத்தில் முட்டாமல் நடுவுக்குக் கொஞ்சம் இடப்பக்கம் நிற்கிறதா என்று சரிபார்த்துக்கொண்டால் போதும்.

ஒத்திகைக்கு 2028 வரை காத்திருக்க வேண்டியதில்லை. பௌர்ணமிதோறும் பிரகாசமான முனைக்கான எக்ஸ்போஷரைப் பழகலாம். இருட்டு முனைக்கு மூன்றாம் பிறை இருக்கிறது. மெல்லிய பிறைக்குள் மீதி நிலா மங்கலாகத் தெரியுமே, பூமியிலிருந்து பட்டுத் திரும்பும் வெளிச்சம், அதை எடுக்கவும் ஐஎஸ்ஓ 800, 1600 என்று வைத்து ஒரு விநாடி பக்கம் திறக்க வேண்டும். பிறைக்கு ஒன்று, உள்ளே இருப்பதற்கு ஒன்று என்று மாற்றி மாற்றி எடுத்துப் பார்த்தால் கிரகணத்தன்று கை தானாகப் போகும். 2028 ஜூலை 6 இரவு நள்ளிரவை ஒட்டி ஒரு பகுதி கிரகணமும் வருகிறது, நிலா விட்டத்தில் நாற்பது சதவீதம்கூட மறையாது என்றாலும் இடைவெளி விட்டுத் தானாகப் படமெடுக்க வைக்கும் இன்டர்வெலோமீட்டர், பேட்டரி, கார்டு எல்லாம் நாலு மணி நேரம் தாங்குகிறதா என்று பார்க்க அது போதும்.

ஆசிரியரிடம் நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. கிரகண நேரம் போடுகிற அதே கட்டத்தில் இன்னும் ஐந்து வரி: பிடிக்கும்போது, பாதியில், மூடுவதற்குப் பத்து நிமிடம் முன்னால், முழு மறைவில், விடும்போது என்று ஐந்து எக்ஸ்போஷர், கேமராவுக்கு ஒரு வரிசை, ஃபோனின் புரோ மோடுக்கு ஒரு வரிசை. நேரங்களை எப்படியும் சென்னை பிர்லா கோளரங்கத்தில் கேட்டுத்தான் சரிபார்ப்பீர்கள், அப்போதே இதையும் கேட்டுவிடலாம். கிரகணத்தன்று காலையில் போடாமல், ஒரு வாரம் முன்னால் போடுங்கள். டிரைபாட் இல்லாதவர் இரவல் வாங்கவும், பிள்ளைகள் ஒரு தடவை செய்து பார்க்கவும் நேரம் வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகன்,
திண்டுக்கல்.